கேட்கவும், எழுத வேண்டாம்

"எழுதிக்கோம்மா. காத்து இல்ல. தண்ணி தெளிவு. ஆறு பத்துக்குக் கடல் ஏத்தம். மடவை மீன் கூட்டம் கூட்டமா உள்ள வருது. தாராளமா போகலாம்."

கழிமுகத்திலிருந்து ஓர் அம்மாள் பேசிக்கொண்டிருந்தார். "என் வீட்டுக்காரரும் கிளம்பிட்டார்" என்றவர், தொலைபேசியைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக் குரல் கொடுத்தார். "ஏங்க, சாப்பாட்டுத் தூக்கை மறந்துட்டுப் போறீங்க பாருங்க!"

அறிக்கை எழுத உட்கார்ந்திருந்தவளுக்குச் சிரிப்பு வந்தது. வேலையில் சேர்ந்து இது எட்டாவது நாள். எட்டு நாளும் அந்த மனிதர் தூக்கை மறந்திருக்கிறார்.

அவள் வேலை இதுதான். காலை ஆறு மணிக்குப் பிறகு அணை, ஏரி, ஆறு, கழிமுகம், துறைமுகம் என்று ஐந்து இடங்களிலிருந்து பேசுவார்கள். எங்கே மீன் கடிக்கிறது, எங்கே போகக் கூடாது என்று அவள் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தால், ஏழு மணிக்கு வானொலியில் வாசிப்பார்கள்.

அணைக்காரர் பேசுவது பாதி தகவல், பாதி கொட்டாவி. ஏரிக்காரர் விரால் இல்லை, கெண்டை இல்லை என்று மூக்கால் அழுவார். ஒழுங்காகச் சொல்வது கழிமுகத்து அம்மாள் ஒருவர்தான். அவர் சொல்வதைத்தான் எழுதக் கூடாதாம்.

நோட்டின் முதல் பக்கத்திலேயே முத்து முத்தான கையெழுத்தில், அடியில் இரண்டு சிவப்புக் கோடு போட்டு எழுதியிருந்தது: 'கழிமுகத்திலிருந்து வரும் அழைப்பு: கேட்கவும், எழுத வேண்டாம்.' பதினோரு வருஷம் அந்த நாற்காலியில் இருந்துவிட்டு, போன மாதம் திடீரென்று வேலையை விட்டுப் போன அக்கா எழுதி வைத்தது. முகம் பார்த்திராத அந்த அக்காவின் மேல் அவளுக்கு எரிச்சலாக வந்தது.

அவளுடைய அண்ணனின் படகு ஒரு வாரமாக வெறுமனே திரும்பிக்கொண்டிருந்தது. "ஊர்ல இருக்கிற குட்டை குளமெல்லாம் சொல்றே, நம்ம வாசல்ல இருக்கிற கழிமுகத்தை மட்டும் விட்டுடுறே" என்று நேற்றும் குத்திக் காட்டினான்.

இன்று எழுதிவிட்டாள். எழுதியதோடு நிற்காமல், வானொலிக்கு முன்பே அண்ணனையும் கூப்பிட்டாள்.

"அந்தம்மா தன் புருஷனையே அனுப்புறாங்கண்ணா. இதுக்கு மேல என்ன வேணும்? கிளம்பு."

கடைசியாகத் துறைமுகத்துக்காரர் பேசினார். "பன்னெண்டு மணிக்கு ஏத்தம். நேத்து பதினொண்ணே கால். கடலும் நம்ம பஸ் மாதிரிதாம்மா, தினமும் முக்கா மணி லேட்டு."

சிரித்துக்கொண்டே எழுதியவளின் பேனா பாதியில் நின்றது. நோட்டில் ஏற்றாவிட்டாலும், கழிமுகத்து அம்மாள் சொன்னதைத் தினமும் துண்டுக் காகிதத்தில் கிறுக்கி வைத்திருந்தாள். எட்டுத் துண்டுகளையும் மேசையில் பரப்பினாள்.

ஆறு பத்து. ஆறு பத்து. எட்டு நாளும் ஆறு பத்து.

நண்பகலில் ஏற்றம் என்றால், இந்நேரம் கழிமுகத்தில் தண்ணீர் அடியோடு வற்றியிருக்கும். மணல் திட்டின் மேல் அலை உடையும், படகு அதில் தட்டினால் கவிழ்ந்துவிடும். அவசரமாக அண்ணனின் எண்ணை அழுத்தினாள்.

அண்ணன் எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. மூன்றாவது முறை, இன்ஜின் சத்தத்துக்கு நடுவே அவன் கத்துவது கேட்டது.

"ஏய், என்ன சொல்லி அனுப்பினே? எதிர்ல வெள்ளை வெளேர்னு அலை நிக்குது! ஒரு நிமிஷம் அசந்திருந்தா அவ்வளவுதான். திருப்பிட்டேன், வந்துட்டிருக்கேன்."

தாளில் கழிமுகத்து வரியை, காகிதம் கிழிகிற அளவுக்கு அடித்தாள். அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது மணி ஏழு. வானொலியில் அறிக்கையை வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

உடனே கழிமுகத்து எண்ணை அழைத்தாள்.

"உங்களுக்கு மனசாட்சி இருக்கா? உங்களை நம்பி அனுப்பினேன். என் அண்ணன் செத்திருப்பான்!"

மறுமுனையிலும் அதே வானொலி ஒலித்துக்கொண்டிருந்தது. பிறகு வந்தது காலையில் கேட்ட குரல்தான். ஆனால் பத்து வயது கூடியிருந்தது.

"பொழச்சுக்கிட்டானா?"

"பொழச்சுட்டான்."

"அப்பாடா..." அந்த அம்மாள் மூச்சு விட்டார். "போன வருஷம் ஒரு நாள் ஆறு பத்துக்கு ஏத்தம். வெளிய காத்து மாறினதைக் கவனிக்காம, போகலாம்னு சொல்லிட்டேன். அதை நம்பிப் போன என் வீட்டுக்காரர் திரும்பலை. தூக்கு மட்டும் வீட்டுலயே இருக்கு."

அவளுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை.

"விடிஞ்சா எனக்கு அந்த நாள்தாம்மா. அவர் செருப்பு மாட்டுற சத்தம்கூடக் கேக்குது. ரேடியோ பேச ஆரம்பிச்சாத்தான் புத்தி திரும்பும். அதுக்குள்ள உனக்குப் போன் பண்ணியிருப்பேன்."

"என் தப்புதாம்மா" என்றாள். "எழுத வேண்டாம்னு பழைய அக்கா குறிப்பு வச்சிருந்தாங்க. உங்க மேல ஏதோ பகையில எழுதிட்டாங்கன்னு நினைச்சுட்டேன்."

"பகை இல்லம்மா. காலையில என் பேச்சை நம்பக் கூடாதுன்னு, வேலையை விட்டப்போ அந்தக் குறிப்பை எழுதி வச்சதே நான்தான்."