எல்லாருக்கும் இருபது

"முப்பத்தொரு பேருக்கும் ஐம்பதுக்கு இருபது. பார்த்து எழுதியிருக்காங்க," என்று தரத்தேர்வு விடைத்தாள்களை மேசையில் வைத்தார் தலைமையாசிரியை.

"ஆளுக்கு வேற வேற கேள்வி எழுதியிருக்காங்க மேடம். எழுதினது எல்லாமே சரி. மிச்சத்தைத் தொடவே இல்லை," என்றார் வகுப்பாசிரியை.

தலைமையாசிரியை வகுப்புத் தலைவியைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"கடைசியா வர்றவங்களை வேற பள்ளிக்கு அனுப்பிடுவோம்னு சொன்னீங்களே மேடம். எங்க வகுப்புல நாங்க வாயாடின்னு கூப்பிடுற பொண்ணுதான் எப்பவும் கடைசி; அவளுக்கு இருபது கேள்விதான் உறுதியாத் தெரியும். அதான் எல்லாரும் இருபதோட நிறுத்திட்டோம். மார்க் போனாப் போகட்டும்."

தலைமையாசிரியை தாள்களை மறுபடி ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒரு தவறுகூட இல்லை.

கல்வி அலுவலகம் கேட்டிருந்த வெளியேற்றப் பட்டியலை எடுத்து, 'இந்த வகுப்பில் கடைசி என்று யாருமில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.