வேவு பார்க்கும் டப்பா

"என்னம்மா, டப்பா வேவு பார்க்க ஆரம்பிச்சாச்சா?"

மேனேஜர் மூன்றாவது தடவையாக வந்து நின்றார். மேசைக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்த சிஸ்டம் அக்கா அவசரமாக நிமிர்ந்ததில் தலை ணங்கென்று இடித்தது. அந்த ஆபீசில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். மேனேஜரைத் தவிர எல்லோருக்கும் அக்கா.

"இன்னும் இல்ல சார். இந்தப் பழைய கம்ப்யூட்டர்ல ஒரு நெட்வொர்க் கார்டுதான் இருந்துச்சு. இப்பதான் இன்னொண்ணு மாட்டினேன். வெளியிலேர்ந்து வர்ற லைன் இந்தக் கார்டுல நுழையும். அந்தக் கார்டு வழியா எல்லா மேசைக்கும் போகும். நடுவுல உட்கார்ந்துக்கிட்டு, யார் என்ன பார்க்கிறாங்கன்னு இது எழுதி வெச்சுக்கும்."

"ஒருத்தரும் தப்பிக்க முடியாதே?"

"முடியாது சார்."

சொல்லிவிட்டு அக்கா அவர் முகத்தைப் பார்க்காமல் கேபிளைச் செருகினார்.

போன மாதம் இரண்டு பேர் சொல்லாமல் கொள்ளாமல் வேறு கம்பெனிக்குத் தாவிவிட்டார்கள். முதலாளி தாம்தூம் என்று குதித்தார். ஆபீசில் உட்கார்ந்துகொண்டு வேறு வேலை தேடுகிறவன் யாரென்று கண்டுபிடி, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பு என்று மேனேஜருக்கு உத்தரவு. அவர் அதை அப்படியே அக்காவின் தலையில் கட்டிவிட்டார்.

கொடுமை என்னவென்றால், வேலை தேடிக்கொண்டிருந்ததே அக்காதான். இரண்டு கம்பெனிகளுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பதில் வந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அது கிடைப்பதற்குள் இது போனால் குடும்பம் நடுத்தெருவில்தான்.

"எத்தனை மணியிலேர்ந்து எழுதும்? கரெக்டா சொல்லுங்க" என்று மேனேஜர் விடாமல் பிடித்தார்.

மனிதருக்குத் தன்மேல்தான் சந்தேகம் என்று அக்காவுக்குப் பட்டது. "மூணு மணியிலேர்ந்து சார்."

உண்மையில் ஒன்றரைக்கே அது எழுத ஆரம்பித்துவிடும். வேலை இழுத்துக்கொண்டால் கொஞ்சம் அவகாசம் இருக்கட்டுமே என்று கூட்டிச் சொன்னார்.

ஐந்து மணிக்குப் பட்டியல் மேனேஜர் அறையிலிருந்த பிரின்டரில் வந்து விழுந்தது. ஐந்தேகாலுக்கு அக்காவுக்கு அழைப்பு வந்தது.

மேனேஜர் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"நம்ம ஆபீஸ்ல மொத்தம் எத்தனை கம்ப்யூட்டர்?"

"பதினாலு சார்."

"இதுல பதிமூணுதான் இருக்கு. நானும் நாலு தடவை எண்ணிட்டேன். உங்களோடது எங்கம்மா?"

அக்கா வசமாக மாட்டிக்கொண்டார். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"என் லைன் மட்டும்... மோடத்துலேர்ந்து நேரா வருது சார்."

"டப்பாவுக்குள்ள வராமலேயா?"

"ஆமா சார்."

தொலைந்தோம் என்று அக்கா கண்களை மூடிக்கொண்டார். வீட்டில் என்ன சொல்லிச் சமாளிப்பது என்று மனம் அதற்குள் ஓட ஆரம்பித்துவிட்டது.

மேனேஜர் வெளியே யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்து, பட்டியலை நீட்டினார். வேறு வேலை தேடிய கம்ப்யூட்டர் என்று அதில் ஒன்றே ஒன்றுதான் மாட்டியிருந்தது. மேனேஜருடையது.

"மூணு மணிக்கு மேலதான் எழுதும்னு சொன்னீங்களேன்னு நம்பி, ரெண்டே காலுக்குப் பார்த்துட்டேம்மா" என்றார் அழாக்குறையாக. "முதலாளி கேக்கிறதுக்குள்ள இந்த வரியை அழிச்சிடு தாயே... அப்படியே உனக்கு இழுத்த மாதிரி எனக்கும் ஒரு கேபிள் இழுத்துக் குடுத்துடு!"