ஐஸ் பெட்டியில் கலர் பாட்டில்

கச்சிராயபாளையம் சாலையில் புளியமரத்தை வெட்டிக் குறுக்கே போட்டிருக்கிறார்கள். இடஒதுக்கீடு கேட்டு மறியல். எங்கள் பஸ் காலையிலிருந்து நிற்கிறது; பின்னால் ஆராய்ச்சிக்காரர்களின் ஜீப். தோல் மரத்துப்போகும் முன்பே தொழுநோயைக் கண்டுபிடிக்கப் புதுப் பரிசோதனை ஒன்று வரப்போகிறதாம். அதற்காக வடக்கனந்தலில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வந்தவர்கள் இவர்கள். அந்த ரத்தக் குழாய்கள் இப்போது உச்சி வெயிலில் ஜீப்பின் பானெட்மேல் கிடக்கின்றன. அவை இருந்த ஐஸ் பெட்டியில் அவர்களோடு வந்த டாக்டரின் கலர் பாட்டில்கள் குளிர்கின்றன. குழாய்களைப் பரப்பிய டிரைவர், பானெட்டில் கை பட்டதும் “ஸ்ஸ்” என்று உதறி விரலை வாயில் வைத்துக்கொள்கிறான். மறியலில் சிக்கி முன்னால் நிற்கும் கரும்பு வண்டியிலிருந்து புளித்த வாடை வருகிறது. குழாய் மூடிகளில் ஈ மொய்க்கிறது.

எங்கள் பஸ்ஸில் வந்த இருசம்மாள், நாற்று நடப் போகிறவள், மகள் கலையரசியோடு ஜீப்பருகே வந்து நிற்கிறாள். “இதுல எம் பொண்ணு ரத்தமும் கீதுங்க. வெயில்ல கெட்டுப் பூடாதுங்களா?” டாக்டர் பாட்டிலைத் திறக்கிறார். “கெட்டா இன்னொரு ஊர்ல எடுத்துக்கலாம்மா. ரத்தத்துக்கா பஞ்சம்?” ஆரஞ்சு நுரை அவர் மீசையில் ஒட்டுகிறது. அண்ணாந்து குடிக்கிறார், ஏப்பம் விடுகிறார். அவருக்குப் பக்கத்திலேயே கலையரசி, குழாய்களில் ஒட்டிய பிளாஸ்திரியில் தன் பெயரைத் தேடிக் குனிந்திருக்கிறாள். அவளுடைய இடது உள்ளங்கை பானெட்டின்மேல் அழுந்தப் பதிந்திருக்கிறது. அவள் அதை எடுக்கவே இல்லை.