கைராசி

இன்றைக்கும் தயிர் உறையவில்லை. பாத்திரத்தைச் சாய்த்தால் பால் பாலாகவே ஓடியது.

“உறை ஊத்தக்கூடத் துப்பில்ல” என்றார் அத்தை.

“அவ கைராசி அப்படிம்மா. அவ தொட்டு எது விளங்கியிருக்கு?” என்று சிரித்தார் என் வீட்டுக்காரர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாத்திரத்தை மாற்றியாயிற்று. பக்கத்து வீட்டுத் தயிரை வாங்கி உறை ஊற்றியும் பார்த்தாயிற்று. இன்னும் என்னதான் செய்வது?

“பால்காரர் ஊருக்குப் போனதிலேர்ந்து பாக்கெட் பால்தாங்க வாங்குறேன். அதுதான் உறைய மாட்டேங்குது.”

“அப்படி என்ன அதிசயப் பால்? காட்டு, பாக்கலாம்.”

குப்பைக்கூடையிலிருந்து காலி பாக்கெட்டை எடுத்து நீட்டினேன். அவர் சிரிப்பு நின்றது.

“இதையா வாங்கினே? பாப்பாவுக்கும் குடுத்தியா?”

“அவதானே நிறையக் குடிக்கிறா.”

“அறிவிருக்காடி உனக்கு? மாட்டுக்குப் போட்ட ஆன்டிபயாட்டிக் பூரா அந்தப் பால்ல இருக்கு! அது எப்படி உறையும்? குழந்தை உடம்பு என்னத்துக்கு ஆகும்?” வீடே அதிரக் கத்தினார்.

“அடப்பாவிகளா! இதையெல்லாம் யாரும் சோதிச்சுப் பாக்க மாட்டாங்களா?” என்றார் அத்தை.

என் வீட்டுக்காரர் பாக்கெட்டைக் கசக்கி உள்ளங்கைக்குள் மறைத்தார். நான் வாயைத் திறந்தேன்.

“பாத்தாங்க அத்தை. போன வாரம் உங்க பிள்ளைதான் அவர் வேலை பாக்குற லேப்ல இதே பாலைச் சோதிச்சு, ‘மருந்து கலக்காத சுத்தமான பால்’னு கையெழுத்துப் போட்டார். அந்த நம்பிக்கையிலதான் வாங்கினேன்.”

உறையாத அந்தப் பாலை டம்ளர் வழிய ஊற்றி, அவர் முன்னால் ணங்கென்று வைத்தேன்.

“யார் கைராசின்னு இப்பத் தெரிஞ்சுதா? குடிங்க.”