மூன்றாவது படத்தில் ஒரு பிழை

முப்பது வருட வேலையில் குரலை உயர்த்தியே அறியாத காப்புரிமை அதிகாரி குவாபாரா அன்று கத்தியேவிட்டார்.

"படகு இன்ஜினைக் கரையிலிருந்தே இயக்குற இந்த ரிமோட், உங்க சொந்தக் கண்டுபிடிப்பா, மினாகாவா சான்?"

"ஆமாங்க" என்றார் எதிரே இருந்த மீனவர்.

"வெட்கமா இல்ல? இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னாடி ஹமானோன்னு ஒருத்தர் போட்ட விண்ணப்பம் இது. அப்பவே அச்சாகி ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்ச பொருளுக்கு உரிமை கிடையாது. மூணாவது படத்துல அவர் விட்ட பிழையைக்கூட விடாம காப்பியடிச்சிருக்கீங்க!"

"அந்த ஹமானோ நான்தாங்க. கல்யாணத்தப்போ மாமனார் வீட்டுப் பேரை ஏத்துக்கிட்டேன்."

குவாபாராவின் கோபம் இறங்கவில்லை. "நீங்களாவே இருங்க. அப்பவே உரிமையை வாங்கித் தொலைச்சிருக்க வேண்டியதுதானே?"

மினாகாவா பையிலிருந்து பழுப்பேறிய ஒரு தாளை எடுத்து மேசையில் ஓங்கி அறைந்தார்.

'இக்கருவி கடலில் ஒருபோதும் வேலை செய்யாது. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.'

அதன் கீழே, சிவப்பு மை இன்னும் மங்காத முத்திரையில் இருந்த பெயர், குவாபாரா.