கோலம் போட்ட சாய்தளம்

பின்னங்கால் இரண்டும் விளங்காத செவலை நாய், தன் சக்கரப் பலகையில் உருண்டபடி எல்லோருக்கும் முன்னால் விழாவுக்கு வந்துவிட்டது. பின்னே, படியேற முடியாதவர்களுக்காக மேடைக்குச் சாய்தளம் கட்டி, அதற்கென்றே எடுத்த விழா அல்லவா!

"ஐயோ, அதுல ஏறாதீங்க!" என்று விழாச் செயலாளர் மயில் பதறியது. "காலையிலேர்ந்து போட்ட கோலம், கலைஞ்சிடும்."

சிறப்பு விருந்தினர் யானை வந்து ரிப்பன் வெட்டியது. கோலத்தை மனதாரப் பாராட்டிவிட்டு, பக்கத்துப் படிக்கட்டு வழியாக மேடையேறியது. "இனிமேல் யாரையும் யாரும் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை!" என்று முழங்கியது. கைதட்டல் அடங்கியதும், பொன்னாடை போர்த்துவதற்காக நாலு குரங்குகள் செவலையைப் பலகையோடு தூக்கிக்கொண்டு படியேறின.

செவலை பொன்னாடையை வாங்கிக்கொண்டது. போட்டோவுக்குச் சிரித்தும் வைத்தது. இறக்கிவிடக் குரங்குகள் மறுபடியும் வந்தன.

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்? அதான் வழி இருக்கே" என்று சொல்லிவிட்டு, சாய்தளத்தில் சர்ரென்று இறங்கியது. கோலத்தின் நடுவே நீளமாகச் சக்கரத் தடம் விழுந்தது.

மயில் தலையில் அடித்துக்கொண்டது. "பார்த்துப் பார்த்துக் கட்டின வழியை ஒரு நிமிஷத்துல பாழாக்கிட்டானே, பாவி!"