ஆறாவது வருஷ மாணவன்

"மூணு வருஷப் படிப்பை ஆறு வருஷமாப் படிக்கிறியே, வெட்கமா இல்ல?"

நிருபர் கேட்டார். எதிரில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"எடுத்த எடுப்பிலேயே இப்படிக் கேட்டா அந்தப் பையன் எழுந்து போயிடுவான். முதல்ல சாப்பிட்டியான்னு கேளுங்க."

"நீ இப்ப என் பெண்டாட்டி இல்ல. அந்தப் பையன். ஒத்திகைன்னா ஒழுங்கா பதில் சொல்லு."

"சரி, வெட்கமாத்தான் இருக்கு. போதுமா?"

நிருபர் தலையில் அடித்துக்கொண்டார்.

அவருடைய வாரப் பத்திரிகையில் 'கல்லூரி வாழ்க்கை' என்று ஒரு பக்கம். வாராவாரம் ஒரு மாணவர் பேட்டி. இதுவரை முதல் மார்க் வாங்கியவர்களாகப் பிடித்துப் போட்டதில் எல்லோரும் ஒரே பல்லவிதான் பாடினார்கள். ஆசிரியர்களுக்கு நன்றி, பெற்றோருக்கு நன்றி. படிக்கத்தான் ஆளில்லை. அதனால் இந்த வாரம் பல்கலைக்கழகமே 'தாத்தா' என்று கூப்பிடும் தத்துவத் துறை மாணவன். தாத்தாவுக்கு இன்னும் மீசையே சரியாக முளைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

"அவங்க துறைத்தலைவரைப் போய்ப் பார்த்தீங்களே, என்ன சொன்னார்?"

"வாயைத் திறந்தவர் மூடவே இல்ல. அந்தத் துறையிலேயே மூளைக்காரன் அவன்தானாம். எல்லாப் பேப்பர்லயும் முதல் மார்க். கடைசி பேப்பர்ல மட்டும் பேரை எழுதி, வெறும் தாளைக் கொடுத்துட்டு வந்துடறானாம். மூணு தடவை இதே கூத்து."

மனைவியின் கை நின்றது. "வேணும்னே ஃபெயில் ஆகறானா? அப்ப உள்ளுக்குள்ள ஏதோ இருக்கு."

"என்ன இருக்கும்? விடுதியில ரூம், சலுகையில சாப்பாடு, பஸ் பாஸ். வெளியே வந்தா வேலை தேடணுமே. உடம்பு வளையல, ஒட்டிக்கிட்டு இருக்கான்."

"பொண்ணு விஷயமாவும் இருக்கலாம்ங்க. ஜூனியர் பொண்ணு எவளாவது படிச்சு முடிக்கட்டும்னு உட்கார்ந்திருப்பான்."

நிருபருக்கு மூக்கில் வியர்த்தது. அதையும் ஒரு கேள்வியாகச் சேர்த்துக்கொண்டார்.

"துறைத்தலைவர் இன்னொண்ணும் சொன்னார். பேட்டியைப் போடுங்க, அதைக் காட்டியே அவனை வெளியே அனுப்பிடறேன், துறைக்கே அவமானம்னார்."

"ஐயோ பாவம், படிச்ச படிப்பெல்லாம் வீணாயிடுமே."

"அவனே வீணடிக்கிறான். நீ ஏன் உருகறே?"

மறுநாள் மாலை. வகுப்பு முடிந்து காலியான அறையில், நிருபர் மேஜை மேல் போனை வைத்துப் பதிவைத் தட்டிவிட்டார். ஒல்லியாக, தூக்கமில்லாத கண்களோடு எதிரே உட்கார்ந்தான் மாணவன்.

கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

நிருபர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வீட்டுக்காரி கெட்டிக்காரிதான்.

"அண்ணா, நாளைக்கு எங்களுக்குப் பாடம் எடுக்கிறீங்கல்ல?"

"எடுக்கறேன்மா. எல்லாரையும் வரச் சொல்லு."

அண்ணாவாம். இந்தக் காலத்தில் யாரை நம்புவது? நிருபர் தொண்டையைச் செருமினார்.

"சாப்பிட்டாச்சா தம்பி? படிப்பெல்லாம் எப்படிப் போகுது?"

"போய்க்கிட்டே இருக்கு சார்."

கிண்டலா, இல்லையா? பிடிபடவில்லை.

"அந்தக் கடைசி பேப்பர் ரொம்பக் கஷ்டமோ?"

"இல்ல சார், இருக்கறதுலயே சுலபம். ஜூனியர்களுக்கு நான்தான் அதைச் சொல்லித் தர்றேன்."

"அப்புறம் எதுக்கு வெறும் தாள்? யாரை ஏமாத்தறீங்க?"

பையன் முகம் சுண்டிப்போனது. மேஜை மேல் இருந்த போனைக் காட்டினான்.

"அதை அணைச்சுடறீங்களா சார்?"

மாட்டிக்கொண்டான். நிருபர் போனைக் கவிழ்த்து வைத்தார். அணைக்கவில்லை. தொழில் என்று வந்துவிட்டால் இதெல்லாம் பார்க்க முடியுமா?

"சொல்லுங்க தம்பி."

"ஒரு துறையில பத்து பேராவது படிக்கணும் சார். குறைஞ்சா மூடிடுவாங்க. பாதியில இருக்கறவங்க வேற துறைக்குப் போய் முதல் வருஷத்துல இருந்து படிக்கணும். நான் முடிக்க வேண்டிய வருஷம் எண்ணிப் பார்த்தேன். நான் போயிட்டா ஒன்பது. புதுசா ஆள் சேர்ந்தாலும் அதே அளவு முடிச்சிட்டுப் போறாங்க. என்னை விட்டுட்டு எண்ணினா வருஷா வருஷம் ஒன்பதுலயே வந்து நிக்குது."

நிருபர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"உங்க துறைத்தலைவருக்கு இது தெரியாதா?"

"பத்து பேர் இருக்காங்க, துறைக்கும் வேலைக்கும் ஆபத்தில்லைன்னு அவர் நிம்மதியா இருக்கார் சார். பத்தாவது ஆள் யாருன்னு யோசிச்சதில்ல."

"வீட்ல என்ன சொல்றாங்க?"

"அப்பா எங்கிட்டப் பேசறதையே விட்டுட்டார். ரொம்பக் கஷ்டமா இருக்கு சார்." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நீங்க எழுதினா என்னை வெளியே அனுப்பிடுவாங்கன்னும் தெரியும். ஜூனியர்ங்க பாவம் சார், இன்னும் படிப்பை முடிக்கல."

 நிருபர் போனை எடுத்து, இந்தத் தடவை நிஜமாகவே அணைத்து, பதிவையும் அழித்தார்.

"உங்களைப் பத்தி நான் என்னதான் எழுதட்டும், சொல்லுங்க தம்பி."

"என்னைப் பத்தி ஒண்ணும் வேண்டாம் சார். தத்துவத் துறையில சேர இடம் இருக்குன்னு மட்டும் ஒரு வரி போடுங்க. ஒரே ஒருத்தர் கூடுதலா வந்துட்டா போதும், நான் பாஸ் பண்ணிடறேன்."